பருவப் பொருள் பேணல்: கொழும்புத் தமிழ் இல்லங்களின் ஒரு வரலாறு

நாட்டு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அரசிருக்கையையும் போர்க்களத்தையுமே நோக்குவர். அடுக்களை மூலையில் நிற்கும் சாடியையும் கட்டிலடியிற் கிடக்கும் றங்குப்பெட்டியையும் அவர் நோக்குதல் அரிது. ஆயினும், ஒரு குடி எதனை அடுத்த பருவத்துக்கென எடுத்து வைக்கின்றது என்பதில் அக்குடியின் நம்பிக்கை முழுவதும் அடங்கியிருக்கின்றது. ஆண்டு மீண்டும் வரும், அப்பொழுதும் இவ்வீட்டில் இம்மாந்தரே இருப்பர் என்னும் துணிபு இருந்தாலன்றி எவரும் ஒரு பொருளைப் பேணி வையார். கொழும்பு மாநகரிலே, சிறப்பாகக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறி வாழ்ந்த தமிழர் தம் இல்லங்களிற் பருவப் பொருள்களைப் பேணிய முறையும், அம்முறை காலந்தோறும் மாறிய வகையும், அம்மாற்றத்தின் காரணங்களும் இக்கட்டுரையின் பொருளாகும்.

பழந்தமிழ்ச் சான்று

பருவத்துக்கு ஒவ்வாத பொருளை ஒதுக்கி வைத்தலும், ஒத்த பொருளை வெளிக்கொணர்தலும் தமிழர் இல்வாழ்க்கையிற் புதியன அல்ல. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க் காலத்து மாநகர் ஒன்றின் இல்லங்களைக் காட்டுமிடத்து இதனை நுட்பமாகக் கூறுகின்றது. வேனிலிற் பயன்பட்ட சிவந்த வட்ட விசிறி சுருக்கப்பெற்று வளைந்த முளையிலே தொங்குகின்றது. அதனைச் சிலந்தியின் வெண்ணூல் சூழ்ந்துள்ளது. சந்தனம் அரைக்கும் கல் வாளா கிடக்கின்றது. குறுகிய வாயையுடைய நீர்க்கலத்தை எவரும் நாடுவதில்லை. அதனிடத்தை நெருப்பிட்ட தடவு பெற்றுவிடுகின்றது. விசிறியை எறிந்துவிடாது முளையிலே மாட்டி வைத்தமையால், வேனில் மீண்டும் வரும் என்பது புலவர் கூறாமலே விளங்குகின்றது.

உணவுப் பொருளைப் பேணியமைக்குப் பெரும்பாணாற்றுப்படை சான்று பகரும். ஏணியும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகளையும், அவற்றின் உச்சியைத் திறந்து இட்டு வைத்த பழைய உணவுப் பொருள்களையும் அந்நூல் குறிப்பிடுகின்றது. பிற்காலத்துக் குதிரிலும் நெல் மேலே இடப்பட்டு அடியிலுள்ள துளை வழியாக எடுக்கப்பட்டது. ஆதலின் முன்னர் வந்த நெல்லே முன்னர்ச் செலவாகும். பழையது அடியிலே தங்கிப் பழுதுறுவதில்லை. இக்காலப் பண்டசாலைகள் விதியாகக் கற்பிக்கும் ஒழுங்கினைக் குதிரின் அமைப்பே செய்து முடித்தது.

யாழ்ப்பாணத்து இல்லமும் அதன் ஆண்டும்

கொழும்புத் தமிழரிற் பெரும்பகுதியினரின் பேணல் முறைக்கு யாழ்ப்பாணத்து நாற்சார் வீடே மூலமாகும். யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெறும். அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றால் வருவது. எஞ்சிய திங்கள்களிற் கடும் வெயிலும் வறண்ட காற்றும் நிலவும். மழைக் காலத்துக்கு வேண்டுவதை வெயிற் காலத்தில் உலர்த்தி வைத்தல் அந்நிலத்தின் இயல்பாலே அமைந்த வாழ்க்கைமுறையாகும்.

தை, மாசியில் நெல் அறுவடையாகும். அதனைக் கம்பும் மண்ணும் கொண்டு அமைத்துச் சாணத்தால் மெழுகிய கொம்பறையில் இடுவர். நிலத்தின் ஈரம் ஏறாதபடி கொம்பறை உயர்த்தி நிறுத்தப்படும். அரிசியாக அன்றி நெல்லாகவே பேணுதல் வழக்கு. உமி தானே ஒரு கவசமாய் நின்று வண்டினைத் தடுக்கும். அதே காலத்திற் பாத்தியிலிருந்து பனங்கிழங்கு அகழப்படும். பச்சையாகக் கிழித்து உலர்த்தியது ஒடியல். அவித்து உலர்த்தியது புழுக்கொடியல். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ வடகமும் புளியும் ஆயத்தமாகும். ஆடி, ஆவணியிற் பனம்பழம் விழும். அதன் களியைப் பிழிந்து பாயிலே படைபடையாக ஊற்றி வெயிலிற் காயவைத்துப் பனாட்டுச் செய்வர். ஆவணியில் விழுந்த பழத்தின் விதையே பாத்தியிற் புதைக்கப்பட்டு அடுத்த தையிற் கிழங்காகும் என்பதை நோக்கின், பனை ஒன்றே ஆண்டு முழுவதையும் ஒரு வட்டமாகக் கட்டி நிறுத்தியமை புலனாகும்.

இவற்றைப் பேணும் கலங்களும் பனையே தந்தன. கடகம், மூடுபெட்டி, உமல், குட்டான் என்பன ஓலையால் இழைக்கப்பட்டவை. ஓலை இழையினூடே காற்று ஊடாடும். அதனால் உள்ளிருக்கும் பொருள் வியர்ப்பதில்லை. அடுப்பின் மேலமைந்த பரணில் வைத்த பெட்டிக்கு நாள்தோறும் புகை ஏறும். புகை ஈரத்தைப் போக்குவதோடு பூச்சியையும் அகற்றும். யாழ்ப்பாணத்தின் பேணல் முறைக்கு வெயில், காற்று, புகை என்னும் மூன்றுமே அடிப்படையாயின. கொழும்புக்கு வந்தபோது இம்மூன்றும் ஒருங்கே குறைந்தன.

சொற்கள் கூறும் வரலாறு

இல்லத்தில் உணவல்லாத பொருள்களைப் பேணிய கலங்களின் பெயர்கள் பிறிதொரு வரலாற்றைக் கூறுகின்றன. பெட்டகம் என்னும் பெருமரப்பெட்டி தமிழ்ப் பெயருடையது. அதனுள்ளே கூறைச்சேலையும், விழாவுக்கும் விருந்துக்கும் மட்டும் வெளிவரும் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களும் இருக்கும். ஆனால் அலுமாரி என்பது போர்த்துக்கேயச் சொல். லாச்சி என்பது ஒல்லாந்தச் சொல். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அவ்விரு ஆட்சிகளும் மறைந்த பின்னரும் அவர்தம் தளபாடங்களின் பெயர்கள் தமிழர் நாவில் நிலைத்துவிட்டன. பெட்டகத்தில் அடியிலுள்ளதை எடுக்க மேலுள்ள அனைத்தையும் அகற்றல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை திறக்கும் பொருளுக்கு அது தகும். நாள்தோறும் திறக்கும் அலுமாரியிலோ தட்டுகள் பிரிந்து நிற்கும். அலுமாரியின் வரவால், ஆண்டுப் பொருளும் நாட்பொருளும் ஒரே கதவின் பின்னே வேறுவேறு தட்டுகளில் வைக்கத்தக்கன ஆயின. றங்குப்பெட்டி ஆங்கிலேயர் காலத்தது; பயணம் செய்வோனின் பெட்டி அது. இம்மூன்றும் வந்த வரிசையே கொழும்புத் தமிழரின் வரலாற்று வரிசையும் ஆம்.

கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

கொழும்பிலே தமிழர் வாழ்வின் பழைய நடுவிடம் துறைமுகத்தை அடுத்த பகுதியாகும். செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் கிட்டங்கிகளை அமைத்திருந்தனர். கிட்டங்கி என்பது தொழிலிடமும் தங்குமிடமும் பண்டசாலையும் ஒன்றாகிய கட்டிடம். கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற் பணியாக எழுப்புவித்தமை கொட்டாஞ்சேனைச் சூழலிற் சைவர் நிலைபெற்றமையைக் காட்டும். 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின்னர்த் துறைமுகம் விரிந்தது. செல்வர் தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். கொட்டாஞ்சேனையில் நெருக்கமான வரிசை வீடுகள் பெருகின. அவ்வீடுகளிற் பரணும் கட்டிலடியுமே களஞ்சியமாயின.

1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதப் பாதை தொடர்ச்சியாகத் திறக்கப்பட்டது. அரசாங்க எழுதுவினைஞராகப் பலர் கொழும்பு வந்தனர். முதலிற் குடும்பம் ஊரிலே இருந்தது. ஆடவர் பலர் சேர்ந்து சமறி எனப்பட்ட பொதுவீடுகளில் வாழ்ந்தனர். அவர்தம் உடைமை ஒரு றங்குப்பெட்டியே. அவர்களுடைய களஞ்சியம் கொழும்பில் இருந்ததன்று. அது ஊரிலே கொம்பறையாகவும் பரணாகவும் இருந்தது. சித்திரையிலும் மார்கழியிலும் அரசாங்கம் வழங்கிய பயணச் சீட்டுடன் ஊர் சென்றோர் மீளுங்கால் உமலிற் புழுக்கொடியலும், போத்தலில் நல்லெண்ணெயும், பெட்டியிற் பனங்கட்டியும் கொண்டு வந்தனர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இப்போக்குவரத்தைப் பெருக்கிற்று. குடும்பங்களும் வந்து சேர்ந்தன. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில் முற்றமும் கிணறும் உடைய வீடுகள் கிடைத்தமையால் அவ்விடம் சிறிய யாழ்ப்பாணம் எனப் பெயர் பெறலாயிற்று.

ஈரத்தோடு நிகழ்ந்த போராட்டம்

கொழும்பின் பருவம் வேறு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. சித்திரை, வைகாசியில் ஒரு பெருமழை, ஐப்பசியில் மற்றொன்று. வெப்பமோ ஆண்டு முழுவதும் 26 முதல் 28 பாகை வரையிலேயே நிற்கும். யப்பானியர் சூன் முதல் நாளிலும் ஒக்டோபர் முதல் நாளிலும் கோடை உடையையும் குளிர் உடையையும் மாற்றி வைக்கும் மரபுடையர். கொழும்பில் அத்தகைய மாற்றத்துக்கு இடமில்லை. இங்குப் பருவம் என்பது வெப்பமும் குளிரும் அன்று, ஈரமும் உலர்வுமே.

காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 70, 75 என்னும் அளவைக் கடந்து நிற்குமாயின் உலர்ந்த தானியமும் மாவும் ஈரத்தை மீள உறிஞ்சிப் பூஞ்சணம் கொள்ளும். கொழும்பில் அவ்வளவு கடவாத நாள்களே சில. ஊரில் ஓராண்டு இருக்கும் ஒடியல், வெள்ளவத்தையில் ஓலைப்பெட்டியில் வைத்தாற் சில கிழமைகளிலே பூத்துவிடும். காற்றை உள்ளே விடுவது ஓலைப்பெட்டியின் குணம். ஊரில் நன்மையாய் இருந்த அக்குணமே இங்குத் தீமையாயிற்று. ஆதலின் இல்லத்தரசியர் ஓலையைக் கைவிட்டு, மூடி இறுகிய தகரப் பேணிக்கும் கண்ணாடிப் போத்தலுக்கும் பீங்கான் சாடிக்கும் மாறினர். காற்றோட்டத்தால் பேணிய முறை போய்க் காற்றை அடைத்துப் பேணும் முறை வந்தது. இஃது எவரும் கற்பித்ததன்று, மழை கற்பித்தது.

தை, மாசி ஆகிய உலர்ந்த இரு திங்கள்கள் கொழும்பு இல்லங்களிற் சிறப்பிடம் பெற்றன. பட்டுச் சேலைகளை வெளியெடுத்து நிழலிற் காற்றாட விடுதல், மடிப்பு மாற்றி மடித்தல், அரிசிப் பேணியில் வேப்பிலையும் செத்தல் மிளகாயும் இடுதல், மெத்தையை வெயிலிற் போடுதல் என்பன அக்காலத்து வேலைகள். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்த பட்டில் சரிகை முறியும். ஆதலின் மடிப்பு மாற்றல் வேண்டும். கடலோரத்து வீடுகளில் இரும்புப் பெட்டியை உப்புக்காற்று அரித்தது. அதனாற் றங்குப்பெட்டிக்கு வண்ணம் பூசி, செங்கல்லின் மேல் உயர்த்தி வைத்தனர். நிலத்தினின்று உயர்த்துதல் என்னும் கொம்பறைத் தத்துவம் இங்கே செங்கல்லாக உருமாறி நின்றது.

விழாவும் பேழையும்

உணவுக்கு அடுத்து விழாப் பொருள்கள் ஆண்டுக்கொருமுறை வெளிவருவன. கார்த்திகை விளக்கீட்டுக்கு அகலும், பொங்கலுக்குப் பெரிய அகப்பையும், நவராத்திரிக்குக் கும்பக் குடமும் வேண்டும். யாழ்ப்பாணத்து இல்லங்களில் நவராத்திரி பெரிதும் கும்பமும் ஏடும் வைத்து வழிபடும் விழா. தமிழகத்தினின்று வந்தோர் கொழும்பிற் கொலுப் படியும் பொம்மையும் வைத்தனர். கொழும்பில் இவ்விரு மரபுகளும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து ஒன்றையொன்று கண்டு பழகின. களிமண் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியிற் சுற்றி, வைக்கோல் இட்ட மரப்பெட்டியில் அடுக்குதல் வழக்கு. நைந்த துணியே சிறந்தது. புதுத்துணியின் முரட்டு இழை வண்ணத்தைத் தேய்க்கும். விழாவின் முடிவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் பெட்டியில் இடும் வழக்கில், எடுத்து வைத்தலும் வழிபாட்டின் ஓருறுப்பாயிற்று.

சரசுவதி பூசையின் பயனும் ஈண்டு நோக்கற்பாலது. ஏட்டுச் சுவடியைப் பேணும் இல்லங்கள் அந்நாளில் அவற்றை வெளியெடுத்துத் தூசி தட்டி, ஏடு பிரித்துப் பார்த்து, எண்ணெயும் மஞ்சளும் பூசி வைத்தன. வழிபாடு என்னும் பெயரால் ஆண்டுக்கொருமுறை தவறாது நடந்த மேற்பார்வை இது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்ற முடிந்தமைக்கு, பெயர் அறியப்படாத எத்துணையோ இல்லத்தார் அவற்றைச் செல்லுக்கு இரையாகாமற் காத்தமையும் ஒரு காரணம் என்பதை மறத்தல் ஆகாது.

பங்கீடும் பதற்றமும்

1942இல் யப்பானியக் குண்டுவீச்சும் பர்மா அரிசியின் இழப்பும் இலங்கையைத் தாக்கின. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கொழும்பு இல்லங்களில் அரிசிப் பேணியோடு கூப்பன் புத்தகமும் பூட்டி வைக்கும் பொருளாயிற்று. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்தினின்று 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஓகத்து 12ஆம் நாள் நாடளாவிய அர்த்தால் நிகழ்ந்தது. அடுக்களைச் சாடியின் நிலை அரசையே அசைக்கும் என்பதை அந்நாள் காட்டிற்று. அவ்வாண்டே பிரதமர் பதவி துறந்தார்.

எனினும் பங்கீடு பொருளைச் சுருக்கிற்றே அன்றி, நாளை இவ்வீட்டில் இருப்போம் என்னும் துணிபைச் சுருக்கவில்லை. அதனைச் சுருக்கியது வேறு. 1958 மே மாத வன்செயலில் கொழும்பினின்று தமிழர் கப்பலேற்றி யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டனர். 1977இல் மீண்டும் அத்துன்பம் நிகழ்ந்தது. 1983 யூலை 24ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் வரிசையாக எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமானநிலையமும் அகதிகள் தங்குமிடங்களாயின. லங்கா கல்யாணி, சிதம்பரம் முதலிய கப்பல்கள் அவர்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டு சென்றன. உயிரிழப்புக்கு முன் உடைமையிழப்புச் சிறிதே. ஆயினும் எரிந்தவற்றுள் விற்பனைக்குரிய பொருள் மட்டும் இருந்ததன்று. கூறைச்சேலை, நிழற்படம், சாதகக் குறிப்பு, கொலுப் பொம்மை, பாட்டியின் சாடி என, மீண்டும் வாங்க முடியாத பொருள்களும் எரிந்தன. ஆண்டுதோறும் வெளியெடுக்கும் பொருளை இழந்தோர், அவ்வாண்டு விழா வந்தபோது எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமையை உணர்ந்தனர்.

வடக்கிலும் அதுவே நிகழ்ந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நின்றது. கொழும்புக்கு உமல் வந்த வழி அடைபட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் வெளியேறினர். கொம்பறையும் பெட்டகமும் பின்னே நின்றன. அவர்களுட் பலர் பின்னர் வெள்ளவத்தை வந்தடைந்தனர். 2007 யூன் 7ஆம் நாள் வைகறையிற் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பொருள்களை அடுக்கி எடுக்கவும் அவர்களுக்குப் போதிய நேரம் இருந்ததன்று.

இந்நிகழ்ச்சிகளால் பேணலின் பொருளே மாறிற்று. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு கைப்பையில் இட்டுக் கதவருகே தொங்கவிடும் வழக்கம் இல்லந்தோறும் தோன்றிற்று. முற்காலத்துப் பெட்டகம் மிகப் பெரியது. எவராலும் எளிதில் தூக்க முடியாதது. அதுவே அதன் காவல். பிற்காலத்துப் பை மிகச் சிறியது. ஒரு கையால் எடுத்து ஓடத்தக்கது. அதுவே அதன் காவல். பெட்டகம் தங்குவோனின் கலம். பை தப்புவோனின் கலம். ஒரு நூற்றாண்டுக் காலத்துக் கொழும்புத் தமிழர் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே அடங்கும்.

தொடர்மாடியும் இற்றைநாளும்

வெள்ளவத்தையின் பழைய முற்ற வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றிற் பரண் இல்லை. புகை அடுப்பு இல்லை. மெத்தை உலர்த்த முற்றமும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி கொம்பறையின் இடத்தைப் பெற்றது. கோடையில் தொரன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினர்க்கெனக் கறித்தூளும் ஒடியல் மாவும் கட்டி வைக்கப்படுகின்றன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் ஓடியபோது உமலும் மீண்டும் ஏறிற்று.

2022இன் பொருளாதார நெருக்கடி இப்புதிய முறையைச் சோதித்தது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டது. எரிவாயுக்கு மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். குளிரிலே பேணியது பழுதாயிற்று. விறகடுப்பு வைக்கத் தொடர்மாடியில் இடமும் இல்லை. மின்சாரத்தை வேண்டாது கெடாமல் இருந்தவை புழுக்கொடியலும் வடகமும் ஊறுகாயும் பருப்புமே. வெயிலும் உப்பும் எண்ணெயும் கொண்டு பேணிய முறைக்கு மின்சாரக் கட்டணமும் இல்லை, எரிபொருட் தட்டுப்பாடும் இல்லை என்பதை இளந்தலைமுறையினர் அப்பொழுது கண்டனர்.

முடிவுரை

கூறியவற்றால், பேணும் முறை நிலத்தையும் வானிலையையும் ஒட்டி அமையும் என்பதும், நிலம் மாறிய வழி மக்கள் கலத்தை மாற்றித் தத்துவத்தைக் காத்தனர் என்பதும், அச்சம் புகுந்த வழிப் பேணலின் நோக்கமே திரிந்தது என்பதும் பெறப்படும். இல்லத்து முதியோர் பலரிடம் இன்றும் இம்முறைகளின் அறிவு எஞ்சியுள்ளது. எச்சாடியில் எதனை இட்டனர், எத்திங்களில் வெளியெடுத்தனர், எந்த ஆண்டில் எதனை இழந்தனர் என்பவற்றை மாணவர் தத்தம் இல்லத்திற் கேட்டுக் குறித்து வைப்பின், அரசாங்க ஏடுகளிற் காண முடியாத வரலாறு ஒன்று கிடைக்கும். பாட்டியர் மறைந்தபின் அதனைக் கேட்க இடமில்லை.

வாடைக் காலத்தில் விசிறியை முளையில் மாட்டி வைத்த இல்லத்தார் வேனிலை நம்பினர். சாடியின் வாயைத் துணியாற் கட்டி நாளிட்டு வைக்கும் கொழும்பு இல்லத்தாரும் அடுத்த ஆண்டை நம்புகின்றனர். அந்நம்பிக்கை பொய்யாகாத நாடாக இந்நாடு இருத்தல் வேண்டும்.